டீச்சரிடம் கேளுங்கள்: தரம் 13க்கு ஏறுமுன் இரசாயனத்தில் எது கையில் இருக்க வேண்டும்?

தரம் 12 முடியும் காலம் வந்தால் எனக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடும். மற்ற நாட்களில் 'சுகமா டீச்சர்' என்று தொடங்கும் பிள்ளைகள் அப்போது முதல் வரியிலேயே 'மூல் கணக்கு வராது டீச்சர்' என்று கையைத் தூக்கிவிடுவார்கள். இந்த இதழுக்கு இரசாயனக் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். ஒரே கேள்வி பல கடிதங்களில் இருந்ததை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்தான்.

தரம் 12 உயிரியல் பிரிவு மாணவி, களுவாஞ்சிக்குடி: தரம் 13 இல் சமநிலையும் மின்னிரசாயனமும் பயங்கரமாக இருக்கும் என்று அக்காமார் சொல்கிறார்கள். இந்த விடுமுறையில் அவற்றை முன்கூட்டியே படிக்கட்டுமா, அல்லது படித்ததை மீட்டட்டுமா?

மீட்டுங்கள், மகள். யோசிக்கவே வேண்டாம்.

சமநிலைக் கேள்வியில் பிள்ளைகள் எங்கே விழுகிறார்கள் என்று தாள் திருத்தும்போது பார்ப்பேன். சமநிலை மாறிலிக்கான கோவையைச் சரியாக எழுதியிருப்பார்கள். அடுத்த வரியில் செறிவு போட வேண்டிய இடத்தில் மூல் எண்ணிக்கை நிற்கும். பாத்திரம் 2 லீற்றர் என்று கேள்வியில் கொடுத்திருப்பதால் வகுத்திருக்க வேண்டும், வகுத்திருக்க மாட்டார்கள். மின்னிரசாயனத்திலும் இதே கதைதான். கலத்தின் மின்னழுத்தத்தைக் கண்டுபிடிப்பார்கள், அரைத் தாக்கத்தில் எத்தனை இலத்திரன் என்று கேட்டால் ஒட்சியேற்ற எண்ணில் தடுமாறுவார்கள். பிள்ளைக்குத் தரம் 13 பாடம் விளங்கித்தான் இருக்கிறது. புள்ளியைத் தின்றது தரம் 12 இல், சிலவேளை தரம் 10 இலேயே நழுவிப்போன ஒன்று.

உயர்தரப் பாடத்திட்டத்தில் 14 அலகுகள். அவ்வளவையும் தாங்கி நிற்பவை சிலதான். அயன்களின் ஏற்றத்தைக் கொண்டு சூத்திரம் எழுதுவது. சமன்பாட்டைச் சமப்படுத்துவது. திணிவு, கனவளவு, செறிவு என்று எது தந்தாலும் மூலுக்குப் போய்த் திரும்பி வருவது. இலத்திரன் நிலையமைப்பிலிருந்து பிணைப்பு, பிணைப்பிலிருந்து இயல்பு என்று காரணம் சொல்வது. ஒட்சியேற்ற எண் போடுவது. இவை தடங்கலில்லாமல் வந்தால் சமநிலை உங்களைக் கடிக்காது.

வருகிறதா என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை எடுங்கள். அலுமினியம் சல்பேற்றுக் கரைசலுக்குள் போதியளவு பேரியம் குளோரைட்டுக் கரைசலை விட்டால் வெள்ளை வீழ்படிவு வரும். இரண்டு சேர்வைகளின் சூத்திரங்களையும் எழுதிச் சமன்பாட்டைச் சமப்படுத்துங்கள். 0.01 மூல் அலுமினியம் சல்பேற்று இருந்தால் எத்தனை கிராம் பேரியம் சல்பேற்று வீழ்படியும் என்று கணியுங்கள். பேரியத்துக்கு 137, கந்தகத்துக்கு 32, ஒட்சிசனுக்கு 16. விடை 6.99 கிராம். சட்டென்று வந்தால் சமநிலைப் புத்தகத்தைத் தாராளமாகத் திறக்கலாம். 2.33 என்று வந்தால் ஓர் அலுமினியம் சல்பேற்றுக்குள் மூன்று சல்பேற்று இருப்பதை மறந்திருக்கிறீர்கள். வேறு ஏதாவது வந்தால் தரம் 10 விஞ்ஞானப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தரம் 12 மாணவன், சம்மாந்துறை: மூல் என்றால் என்னவென்று வரைவிலக்கணம் சொல்வேன், கணக்கும் ஓரளவு செய்வேன். ஆனால் உண்மையில் அது என்ன என்று மனதில் பதியவில்லை. எங்கள் வாப்பா விவசாயி, அவருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சவால் விடுகிறீர்கள், நல்லது. வாப்பா வயலுக்கு எறியும் யூரியாப் பையிலேயே தொடங்குவோம்.

பையில் 50 கிலோ, நைதரசன் 46 சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள். அந்த 46 எங்கிருந்து வந்தது? யூரியாவின் ஒரு மூலக்கூறில் காபன் ஒன்று, ஒட்சிசன் ஒன்று, நைதரசன் இரண்டு, ஐதரசன் நான்கு. 12, 16, 28, 4 என்று கூட்டினால் 60. அந்த 60 இல் 28 நைதரசனுடையது. 28 ஐ 60 ஆல் வகுத்தால் 46.7 சதவீதம். தூய யூரியாவுக்கு அவ்வளவு. பையில் இருப்பது முற்றாகத் தூயதல்ல, ஈரமும் கொஞ்சம் இருக்கும், அதனால் 46 என்று போடுகிறார்கள். வாப்பாவிடம் சொல்லுங்கள், பைக்கு 23 கிலோ நைதரசன்தான் நெல்லுக்குப் போகிறது, மற்றது அதைச் சுமந்துவரும் பாரம்.

இப்போது மூலுக்கு வருவோம். இரும்புச் சாமான் கடையில் ஆணி கேட்டால் யாரும் எண்ணிக் கொடுப்பதில்லை, நிறுத்துக் கொடுக்கிறார்கள். ஓர் ஆணியின் நிறை தெரிந்தால் எத்தனை ஆணி என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அணுவிலும் அதைத்தான் செய்கிறோம், ஓர் அணுவைத் தராசில் வைக்க முடியாது என்பதுதான் வித்தியாசம். அதனால் ஒரு பெரிய எண்ணைத் தெரிந்தெடுத்தார்கள்: 6.022 ஐ 10 இன் 23 ஆம் அடுக்கால் பெருக்கினால் வருவது. அவ்வளவு யூரியா மூலக்கூறுகளை ஒன்றாகக் குவித்தால் 60 கிராம். அவ்வளவு நீர் மூலக்கூறுகள் என்றால் 18 கிராம். எண்ணிக்கை ஒன்று, திணிவு வேறு. சமன்பாட்டில் வரும் 1, 2, 3 எல்லாம் எண்ணிக்கை. தராசில் வருவது திணிவு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கணக்குப்பிள்ளைதான் மூல்.

வாப்பாவின் பையை அந்தக் கணக்குப்பிள்ளையிடம் கொடுப்போம். 50 கிலோ என்பது 50,000 கிராம். 60 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 833 மூல் யூரியா. ஒவ்வொரு மூலக்கூறிலும் நைதரசன் அணு இரண்டு, ஆகவே 1667 மூல் நைதரசன் அணுக்கள். 14 ஆல் பெருக்கினால் 23.3 கிலோ. 46.7 சதவீதம் போட்டால் வரும் அதே விடை வேறு பாதையால் வந்திருக்கிறது, பையை முற்றாகத் தூயது என்று எடுத்ததால் 23 ஐவிடச் சற்றுக் கூட.

இதற்குப் பிறகு நீங்களே ஒன்று செய்யுங்கள். யூரியா கிடைக்கவில்லை, கடையில் அமோனியம் சல்பேற்றுத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மூலர்த் திணிவு, அதாவது ஒரு மூலின் திணிவு, 132 கிராம், அதிலும் நைதரசன் 28 தான். ஒரு பை யூரியா தரும் நைதரசனைப் பெற எத்தனை கிலோ வேண்டும்? எனக்கு 110 கிலோ வருகிறது, இரண்டு பைக்கும் மேலே. வாப்பா கூலியாளின் தலைச்சுமையையும் சேர்த்துப் பார்ப்பார். மூல் அவருக்கு உங்களை விடச் சீக்கிரம் விளங்கினால் என்னிடம் கோபிக்க வேண்டாம்.

மாணவி, அக்கரைப்பற்று: அக்காவின் பழைய புத்தகத்தில் மூல் என்பது காபன் 12 இன் 12 கிராமில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று இருக்கிறது. சேர் வேறுமாதிரி எழுதித் தந்தார். எது சரி?

அக்கா படித்த காலத்தில் அது சரி. 2019 மே 20 இலிருந்து வரைவிலக்கணம் மாறிவிட்டது. இப்போது மூல் என்பது திட்டமாக 6.02214076 ஐ 10 இன் 23 ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு துணிக்கைகள். காபனைத் துணைக்கு அழைக்காமல் எண்ணையே நிலையாக வைத்துவிட்டார்கள். உங்கள் கணக்கில் ஓர் எண்கூட மாறாது. சேர் தந்ததை எழுதுங்கள்.

ஒரு தாய், கல்முனை: மகள் தரம் 12. இரசாயனத்துக்கு மட்டும் மூன்று இடத்தில் ரியூசன். தியரி ஒரு இடம், பேப்பர் ஒரு இடம், ரிவிஷன் ஒரு இடம். இரவு பத்து மணிக்குச் சோர்ந்து போய் வருகிறாள், புள்ளி மட்டும் ஏறவில்லை. நான் இரசாயனம் படிக்காதவள். நான் செய்யக்கூடியது ஏதும் உண்டா?

இருக்கிறது, தங்கச்சி. முதலில் மூன்றில் ஒன்றை நிற்பாட்டுங்கள். எதை என்று மகளிடமே கேளுங்கள், அவளுக்குத் தெரியும். மூன்று இடத்திலும் வேறு யாரோ கரும்பலகையில் கணக்குச் செய்கிறார்கள், பிள்ளை பார்த்து எழுதுகிறாள். பார்க்கும்போது எல்லாம் விளங்கும். தனியே இருந்து செய்யும்போதுதான் எது விளங்கவில்லை என்று தெரியும். அந்தத் தனிமைக்கு அவளுடைய நாளில் இடமே இல்லை.

இரசாயனம் தெரியாமலே நீங்கள் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. கிழமையில் ஒருநாள் அவளுடைய கணக்குக் கொப்பியைத் திறவுங்கள். ஒவ்வொரு வரியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிராம், மூல், லீற்றர், கெல்வின் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். வெறும் எண்களாக இறங்கிக்கொண்டே போய்க் கடைசி வரியில் மாத்திரம் அலகு ஒட்டியிருந்தால், அந்தப் பிள்ளை விளங்காமல் செய்கிறாள் என்று அர்த்தம். கிராமை மூலர்த் திணிவால் வகுத்தால் மூல் வரும் என்பதை அலகுகளே வெட்டுப்பட்டுக் காட்டிக்கொடுக்கும். பெருக்குவதா வகுப்பதா என்ற சந்தேகத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

இன்னொன்று. நீங்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போது அன்று படித்ததை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதில்லை. அவள் எந்த இடத்தில் 'அது அப்படித்தான் உம்மா' என்கிறாளோ, அந்த இடத்தைக் குறித்துக்கொடுத்து சேரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மாணவன், வாழைச்சேனை: சமன்பாடு சமப்படுத்துவதில் எப்போதும் சிக்கல். குறுக்குவழி உண்டா?

குறுக்குவழி தேடுவதற்குமுன் சூத்திரம் சரியா என்று பாருங்கள், தம்பி. சிக்கல் பெரும்பாலும் அங்கேதான். நைத்திரேற்று, ஐதரொட்சைட்டு, பரமங்கனேற்று இவற்றுக்கு ஏற்றம் மறை ஒன்று. சல்பேற்று, காபனேற்று, இருகுரோமேற்று மறை இரண்டு. பொசுபேற்று மறை மூன்று. அமோனியம் நேர் ஒன்று. இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. 'விளங்கிப் படி' என்று நாள் முழுக்கச் சொல்லும் நானே இதை மட்டும் பாடமாக்கச் சொல்கிறேன்.

சமப்படுத்தும்போது சூத்திரத்துக்கு முன்னால் உள்ள எண்ணைத்தான் மாற்றலாம், உள்ளே இருக்கும் சின்ன எண்ணைத் தொடக் கூடாது. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீர் வரும் சமன்பாட்டில் ஒட்சிசன் ஒன்று மிஞ்சுகிறதே என்று நீருக்குள்ளேயே ஒரு 2 ஐச் செருகிவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். சமன்பாடு சமப்பட்டுவிடும், நீர் ஐதரசன் பேரொட்சைட்டாகிவிடும். அதைக் குடித்தால் போக வேண்டிய இடம் வைத்தியசாலை.

மாணவி, கல்லடி: நீர் திரவம், ஐதரசன் சல்பைட்டு வாயு. ஐதரசன் பிணைப்பு என்று ஒரு வரி எழுதினேன், புள்ளி பாதிதான் தந்தார்கள். வேறு என்ன எழுத வேண்டும்?

நல்ல கேள்வி, அதுவும் வாவிக்கரையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். வாவியில் தண்ணீர் வற்றியிருக்கும் நாளில் ஓரத்துச் சேற்றைக் காலால் கிளறினால் கூழ்முட்டை நாற்றம் வருகிறதே, அதுதான் உங்கள் ஐதரசன் சல்பைட்டு. அதன் மூலர்த் திணிவு 34, நீருக்கு 18. பாரத்தைப் பார்த்தால் சல்பைட்டுத்தான் உயர்ந்த வெப்பநிலையில் கொதிக்க வேண்டும். நடப்பது தலைகீழ். நீர் கொதிப்பது 100 பாகை செல்சியசில், ஐதரசன் சல்பைட்டு மறை 60 பாகையிலேயே கொதித்து முடிந்துவிடும். உங்கள் விடையில் இந்த முரண்பாடு முதலில் வர வேண்டும். ஏன் விளக்கம் தேவைப்படுகிறது என்று காட்டாமல் விளக்கத்துக்குப் போகக் கூடாது.

பிறகு காரணம். ஒட்சிசனின் மின்னெதிர்த்தன்மை ஏறக்குறைய 3.4, ஐதரசனுடையது 2.2. இடைவெளி பெரிது, அணுவும் சிறிது. ஆகவே பிணைப்பிலுள்ள இலத்திரன்கள் ஒட்சிசன் பக்கம் இழுபட்டு, ஐதரசனில் பகுதி நேரேற்றம் கூடுகிறது. அந்த ஐதரசன் பக்கத்து மூலக்கூறின் ஒட்சிசனிலுள்ள தனிச்சோடியோடு கவரப்படுகிறது. கந்தகத்தின் மின்னெதிர்த்தன்மை 2.6 அளவுதான், அணுவும் பெரிது, அதனால் அந்தக் கவர்ச்சி பலவீனம். கடைசியாக ஒரு வரி: கொதிக்கும்போது உடைவது மூலக்கூறுகளுக்கு இடையிலான கவர்ச்சி. மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் ஒட்சிசன் ஐதரசன் பங்கீட்டுவலுப் பிணைப்பு அப்படியே இருக்கும். நீர் கொதித்தால் ஐதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிகிறது என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேத்தில் வைக்கிற வீட்டிலிருந்தே!

சேற்றை விடுவதற்குமுன் இன்னொன்று. அந்தக் கந்தகம் எங்கிருந்து வந்தது? கடல் நீரோடு வாவிக்குள் வரும் சல்பேற்றிலிருந்து. அங்கே கந்தகத்தின் ஒட்சியேற்ற எண் நேர் 6. ஒட்சிசன் இல்லாத சேற்றுக்குள் வாழும் பற்றீரியாக்கள் அதை மறை 2 வரை தாழ்த்துகின்றன. சேறு கறுப்பாக இருப்பது இரும்பு சல்பைட்டால். பிணைப்பும் தாழ்த்தேற்றமும் வேறு வேறு அலகு என்று புத்தகம்தான் சொல்கிறது, வாவிக்கு அது தெரியாது.

மாணவன், திருக்கோவில்: ஒட்சியேற்ற எண் போடத் தெரியும். ஆனால் அரைத் தாக்கங்களை எழுதிச் சேர்க்க வராது.

எண் போட வந்தால் முக்கால்வாசி முடிந்தது. எண் எவ்வளவு மாறுகிறதோ அவ்வளவு இலத்திரன். இரும்புத்தன்மை உள்ள கிணற்றுத் தண்ணீரை வாளியில் அள்ளி வைத்தால் முதலில் தெளிவாக இருந்து, நேரம் போகப்போகத் தேயிலைச் சாயம்போல் மாறி அடியில் மண்டி படியும். கரைந்திருந்த இரும்பு நேர் 2 இலிருந்து நேர் 3 க்குப் போகிறது, அணுவுக்கு ஓர் இலத்திரன் இழப்பு. வளியிலுள்ள ஒட்சிசன் பூச்சியத்திலிருந்து மறை 2 க்கு வருகிறது. மூலக்கூறில் இரண்டு அணு, ஆகவே நான்கு இலத்திரன் ஏற்பு. நான்கு இரும்புக்கு ஓர் ஒட்சிசன் மூலக்கூறு. இலத்திரனைச் சமன் செய்தாயிற்று, மிச்சம் நீரும் ஐதரசன் அயனும் போட்டு நிரப்பும் வேலை.

இதே முறையில் கொண்டிசுக்கும், அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்றுக்கும், செய்து பாருங்கள். அமில ஊடகத்தில் பரமங்கனேற்றிலுள்ள மங்கனீசு நேர் 7 இலிருந்து நேர் 2 க்கு இறங்கும், ஐந்து இலத்திரன். ஒரு பரமங்கனேற்றுக்கு ஐந்து இரும்பு. நியமிப்புக் கணக்கில், அதாவது செறிவு தெரிந்த கரைசலால் தெரியாத கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் கணக்கில், இந்த 1:5 திரும்பத் திரும்ப வரும். 5 ஐ எந்தப் பக்கம் பெருக்குவது என்று தடுமாறினால் இலத்திரனிடமே கேளுங்கள்.

மாணவி, காத்தான்குடி: நான் உயிரியல் பிரிவு. சாதாரண தரத்தோடு கணிதத்தை விட்டாயிற்று. இப்போது இரசாயனத்தில் மடக்கை, அடுக்கு எல்லாம் வருகிறது. கணிதப் பிரிவுப் பிள்ளைகளோடு போட்டி போட முடியுமா?

முடியும், மகள். தேவைப்படுவது முழுக் கணிதமும் அல்ல. விகிதம், அடுக்கு, மடக்கை, ஒரு நேர்கோட்டு வரைபின் படித்திறன், அவ்வளவுதான். ஆனால் பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். முதலாம் தாளில் 2 மணித்தியாலத்தில் 50 கேள்விகள். வீட்டில் கைபேசியில் தட்டித் தட்டிப் பழகியவர்கள் அங்கே 0.25 ஐ 0.004 ஆல் பெருக்குவதற்கே நிமிடங்களைச் செலவழிக்கிறார்கள். இன்றிலிருந்து எல்லாம் கையால்.

மடக்கையில் 2 க்கு 0.30, 3 க்கு 0.48 என்ற இரண்டையும் வைத்துக்கொண்டு நிறைய ஓட்டலாம். லீற்றருக்கு 0.02 மூல் ஐதரோகுளோரிக்கமிலத்தின் பீஎச் என்ன? 2 இலிருந்து 0.30 ஐக் கழித்தால் 1.70. தாளில் எழுதவே தேவையில்லை.

ஆனால் கணிதம் நன்றாக வருகிறவர்கள் ஏமாறும் இடமும் உண்டு. அதே அமிலத்தை நீர் சேர்த்து நீர் சேர்த்து, லீற்றருக்கு 10 இன் மறை 8 ஆம் அடுக்கு மூல் வரை ஐதாக்கினால் பீஎச் என்ன என்று கேளுங்கள். 8 என்று உடனே சொல்வார்கள். அமிலத்தை ஐதாக்கினால் அது எப்படிக் காரமாகும்? நீரிலிருந்தே வரும் ஐதரசன் அயனைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். சரியான விடை 7 க்குச் சற்றுக் கீழே, 6.98 அளவில். உங்களைப் போன்ற பிள்ளைகள் 'இது நடக்குமா' என்று முதலில் யோசிப்பீர்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மாணவன், ஏறாவூர்: வாயு என்று வந்தால் 22.4 ஆல் வகுக்கலாம்தானே?

0 பாகை செல்சியசும் 1 வளிமண்டல அமுக்கமும் இருந்தால் வகுக்கலாம். ஏறாவூரில் 0 பாகையை எப்போது கண்டீர்கள்? 27 பாகையில் அதே அமுக்கத்தில் ஒரு மூல் வாயுவுக்கு 24.6 லீற்றர். கேள்வியில் வெப்பநிலையும் அமுக்கமும் தந்திருந்தால் இலட்சிய வாயுச் சமன்பாட்டுக்குப் போங்கள். வெப்பநிலையோடு 273 ஐக் கூட்ட மறக்க வேண்டாம்.

மாணவி, படுவான்கரை: எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் இருக்கிறது, சாமான் போதாது. நியமிப்பு ஒரே ஒரு தடவை செய்தோம், அதுவும் குழுவாக. வீட்டில் ஏதாவது செய்து பழக முடியுமா?

அளவியும் குழாயியும் பிடித்துப் பழகுவதற்கு வீட்டில் மாற்று இல்லை. பக்கத்துப் பாடசாலையில் ஒரு சனிக்கிழமை இடம் கேட்கும்படி உங்கள் ஆசிரியரிடம் வற்புறுத்துங்கள். ஆனால் கணக்கைக் கண்ணால் பார்க்க வீட்டுச் சாமானே போதும். சொல்கிறேன், தம்பி தங்கச்சியையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பச் சோடா, செயற்கை வினாகிரி, ஒரு வெற்றுச் சோடாப் போத்தல், ஒரு பெரிய பலூன், இரண்டு செவ்வரத்தம்பூ. பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால் சாயம் இறங்கும். அது உங்கள் காட்டி. தேசிக்காய்ச் சாற்றில் சிவக்கும், சவர்க்கார நீரில் பச்சை பக்கம் போகும்.

அப்பச் சோடாவின் மூலர்த் திணிவு 84. 4.2 கிராம் எடுத்தால் 0.05 மூல். சமையல் தராசில் இதை நிறுக்க முடியாது, தெரிந்த நகைக்கடையில் கேட்டால் சிரித்துக்கொண்டே நிறுத்துத் தருவார்கள். வினாகிரிப் போத்தலில் அசற்றிக்கமிலம் 4 சதவீதம் என்று இருந்தால் 100 மில்லிலீற்றரில் 4 கிராம். அசற்றிக்கமிலத்தின் மூலர்த் திணிவு 60, யூரியாவுக்கு வந்த அதே 60. 75 மில்லிலீற்றர் எடுத்தால் 3 கிராம், அதாவது 0.05 மூல். ஒன்றுக்கு ஒன்று தாக்கமுறும். ஆகவே இரண்டும் ஒன்றாக முடிய வேண்டும், வெளியே 0.05 மூல் காபனீரொட்சைட்டு வர வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில் அது ஏறக்குறைய 1.2 லீற்றர்.

வினாகிரியைப் போத்தலுக்குள் விட்டு, சோடாவைப் பலூனுக்குள் போட்டு, பலூனைப் போத்தல் வாயில் இறுக்கிக் கட்டி நிமிர்த்துங்கள். மூடி போட்டுத் திருகவே கூடாது, போத்தல் வெடிக்கும். பலூன் ஊதிவரும். நீங்கள் கணித்ததைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். ஏன் என்று யோசித்து எழுதுங்கள். வாயுவில் கொஞ்சம் நீரிலேயே கரைந்து நிற்கும், பலூனின் இழுவையால் உள்ளே அமுக்கமும் சற்றுக் கூடியிருக்கும்.

பிறகுதான் முக்கியமான பகுதி. வினாகிரியைக் கூட்டாமல் சோடாவை மட்டும் இரட்டிப்பாக்கி, 8.4 கிராம் போட்டுத் திரும்பச் செய்யுங்கள். பலூன் முன்னதைவிடப் பெரிதாகாது. வினாகிரி முதலில் முடிந்துவிடுகிறது, எவ்வளவு வாயு வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மிஞ்சிய சோடா அங்கேதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? பலூனைக் கழற்றிவிட்டு அரைத் தேசிக்காயைப் பிழிந்து விடுங்கள், திரும்பவும் நுரைக்கும். முதல் தடவை மிஞ்சிய கரைசலிலும் பிழிந்து பாருங்கள். அதில் நுரை வந்தால் உங்கள் 4.2 கிராமோ 75 மில்லிலீற்றரோ பிழை, அல்லது போத்தலில் எழுதியிருந்த 4 சதவீதம் பொய். எது என்று கண்டுபிடிக்க என்ன செய்வீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.